வெளுத்ததெல்லாம் பாலா? – அளவையியல் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. ஒரு கூற்றை உண்மை என்று ஏற்றுக்கொண்டபின், வேறு எந்த உதவியும் இல்லாமல் அதிலிருந்து எந்தக் கூற்றுகளைப் பெறலாம், எவற்றைப் பெறக்கூடாது? மரபு அளவையியல் இதை உடன் அனுமானம் என்கிறது. கலைச்சொற்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன. ஆகவே ஒவ்வொரு சொல்லும் முதன்முதலில் வரும்போதே அது என்ன வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். உங்கள் பாடநூலில் பெயர் வேறாக இருந்தால் வேலையைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

கேள்வி: எடுப்புகளை ஏ, ஈ, ஐ, ஓ என்று பிரிக்கிறார்கள். நான்குதான் உண்டா? இந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன?

பதில்: நான்குதான். எடுப்பு என்பது உண்மை அல்லது பொய் என்று சொல்லத்தக்க கூற்று. அதில் இரண்டு பதங்கள். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது எழுவாய். அதைப் பற்றி என்ன சொல்கிறோமோ அது பயனிலை. எழுவாயை முழுதாக எடுக்கலாம், அல்லது அதில் ஒரு பகுதியை எடுக்கலாம். சொல்வதை உடன்பட்டுச் சொல்லலாம், அல்லது மறுத்துச் சொல்லலாம். இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு.

ஏ, நிறை விதி: எல்லாச் சதுரங்களும் நாற்கரங்கள்.
ஈ, நிறை மறை: எந்தச் சதுரமும் வட்டம் அல்ல.
ஐ, குறை விதி: சில நாற்கரங்கள் சதுரங்கள்.
ஓ, குறை மறை: சில நாற்கரங்கள் சதுரங்கள் அல்ல.

எழுத்துகள் இலத்தீனிலிருந்து வந்தவை. 'அஃபிர்மோ' என்றால் உடன்படுகிறேன். அதன் முதல் இரண்டு உயிரெழுத்துகள் விதி எடுப்புகளுக்குப் போயின. 'நெகோ' என்றால் மறுக்கிறேன். அதன் இரண்டு உயிரெழுத்துகள் மறை எடுப்புகளுக்கு. ஆங்கில ஒலிப்பில் நாம் அவற்றை ஏ, ஈ, ஐ, ஓ என்று படிக்கிறோம்.

இங்கேயே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அளவையியலில் 'சில' என்பதற்குக் 'குறைந்தது ஒன்று' என்பதுதான் பொருள். இரட்டைப்படையான பகா எண் 2 ஒன்றுதான். ஆனாலும் 'சில பகா எண்கள் இரட்டை எண்கள்' என்ற எடுப்பு உண்மை. பேச்சில் 'சிலர் வந்தார்கள்' என்றால் 'எல்லாரும் வரவில்லை போலிருக்கிறது' என்று காது தானாகச் சேர்த்துக்கொள்ளும். அளவையியலில் அந்தச் சேர்க்கைக்கு இடமில்லை. எல்லாரும் வந்திருந்தாலும் 'சிலர் வந்தார்கள்' உண்மையே.

கேள்வி: பயிற்சித் தாளில் 'எல்லாப் பறவைகளும் பறக்காது' என்ற வாக்கியம் வந்தது. நான் ஈ என்று எழுதினேன். விடைக்குறிப்பில் ஓ என்று இருக்கிறது. எது சரி?

பதில்: வினாவை எழுதியவர்மேல்தான் குறை சொல்ல வேண்டும். இந்த வாக்கியத்துக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. 'பறவை ஒன்றுகூடப் பறக்காது' என்று படித்தால் ஈ. 'பறவைகள் எல்லாமே பறந்துவிடும் என்று நினைக்காதே, பறக்காதவையும் உண்டு' என்று படித்தால் ஓ. 'எல்லாரும் வரவில்லை' என்பதும் இப்படித்தான். கூட்டம் காலியாக இருந்ததா, பாதி நிரம்பியிருந்ததா என்று அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பேசும்போது குரல் அழுத்தம் காப்பாற்றிவிடும். தாளில் அது கிடையாது.

விடைக்குறிப்பு ஓ என்று சொன்னதற்குக் காரணம் உலக அறிவு: தீக்கோழியும் பென்குயினும் பறக்காது, காகம் பறக்கும். 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்பதையும் நாம் இப்படித்தான் ஓ ஆக்கிக்கொள்கிறோம். அதை ஈ என்று எடுத்தால் 'மின்னும் எதுவும் பொன் அல்ல' என்றாகி, பொன் மின்னாது என்று முடியும். பொருளறிவை வைத்து வடிவத்தைத் தீர்மானிப்பது பழக்கமாகிவிட்டால், பொருள் தெரியாத சொற்கள் வரும் வினாவில் கை நின்றுவிடும். ஆகவே நீங்கள் எழுதும்போது 'எல்லா' என்ற சொல்லையும் மறுப்பையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காதீர்கள். ஈ வேண்டுமானால் 'எந்தப் பறவையும் பறப்பது அல்ல'. ஓ வேண்டுமானால் 'சில பறவைகள் பறப்பவை அல்ல'.

அரிஸ்டாட்டில் இந்த இடத்தில் கவனமாக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 'எல்லா மனிதரும் வெண்ணிறத்தவர்' என்பதற்கு முரணாக அவர் வைப்பது 'வெண்ணிறத்தவர் என்பது எல்லா மனிதருக்கும் பொருந்தாது' என்ற வடிவம். மறுப்பு அங்கே 'எல்லா' என்ற சொல்லின்மேல் விழுகிறது. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வினையோடு ஒட்டிக்கொண்டு வருவதால், அது எதன்மேல் விழுகிறது என்பதை நாம்தான் காட்ட வேண்டும்.

இன்னொரு படியும் உண்டு. 'பறக்கும்' என்பது வினை, பதம் அல்ல. அதை அப்படியே வைத்துக்கொண்டு எழுவாயையும் பயனிலையையும் இடம் மாற்றப் பார்த்தால் வாக்கியம் உடையும். இதற்குத் தமிழில் கைக்கருவி ஆயத்தமாகவே இருக்கிறது: வினையாலணையும் பெயர். 'பறக்கும்' என்பதைப் 'பறப்பவை' ஆக்குங்கள். 'வந்தார்கள்' என்பதை 'வந்தவர்கள்' ஆக்குங்கள். வினை பெயராகிவிட்டால் அது எழுவாயாகவும் நிற்கும், பயனிலையாகவும் நிற்கும். எங்களுக்கு வரும் தவறான விடைகளில் விதி தெரியாமல் தவறியவை குறைவு. வாக்கியத்தை அச்சில் வார்க்காமலே விதியைப் போட்டுத் தவறியவைதான் அதிகம்.

கேள்வி: எழுவாயையும் பயனிலையையும் இடம் மாற்றுவது ஈ, ஐ இரண்டிலும் சரியாக வருகிறது. ஏ-யில் ஏன் வரவில்லை? ஓ-வில் சில சமயம் வருகிறது, சில சமயம் வரவில்லையே?

பதில்: 'சில சமயம் வருகிறது' என்பது கண்கட்டு. அதற்குப் பிறகு வருகிறோம். முதலில் ஏ.

பால் எல்லாம் வெள்ளை. இதைத் திருப்பிப் போட்டால் 'வெளுத்ததெல்லாம் பால்'. ஏமாளியை நாம் எப்படிச் சொல்கிறோமோ அதுவே இந்தத் தவறான இடமாற்றம்! நியாய நூலாரும் இதைக் கவனித்திருக்கிறார்கள். 'புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உள்ள இடம்' என்பது ஏற்கத்தக்கது. திருப்பினால் 'நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உள்ள இடம்'. பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அந்த ஒரு குண்டே போதும், திருப்பிய கூற்று விழுந்துவிடும்.

காரணம் பதங்களின் அளவில் இருக்கிறது. 'பால் எல்லாம் வெள்ளை' என்னும்போது பால் முழுவதையும் பற்றிப் பேசினோம். வெள்ளைப் பொருள்கள் முழுவதையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திருப்பியபோது வெள்ளைப் பொருள்கள் எல்லாவற்றையும் பற்றிப் பேசிவிட்டோம். கொடுத்ததைவிட அதிகம் எடுத்தோம். விதி இதுதான்: தந்த எடுப்பில் முழுதாக எடுக்கப்படாத பதம், பெறும் எடுப்பில் முழுதாக எடுக்கப்படக்கூடாது. ஏ-யில் எழுவாய் மட்டும் முழுதாக எடுக்கப்படுகிறது. ஈ-யில் இரண்டும். ஐ-யில் இரண்டும் இல்லை. ஓ-வில் பயனிலை மட்டும். இந்தக் கடைசி ஒன்றுதான் பலருக்கு உறுத்தும். 'சில நாற்கரங்கள் சதுரங்கள் அல்ல' என்பதில் சதுரங்கள் எங்கே முழுதாக வந்தன? ஒரு சாய்சதுரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அது சதுரம் அல்ல என்று சொல்லுங்கள். உலகத்தில் உள்ள ஒவ்வொரு சதுரத்துக்கும் முன்னால் அதை வைத்து 'இது நீ அல்ல' என்று சொன்னதற்குச் சமம் அது. ஒரு சதுரத்தை விட்டுவிட்டாலும் மறுப்பு நிறைவேறாது.

இப்போது ஒவ்வொன்றாக இடம் மாற்றிப் பாருங்கள். ஈ-யில் இரண்டும் முழுதாக இருப்பதால் தடையில்லை: 'எந்தச் சதுரமும் வட்டம் அல்ல', ஆகவே 'எந்த வட்டமும் சதுரம் அல்ல'. அரிஸ்டாட்டில் இதற்குத் தரும் நிறுவல் இரண்டே அடி. வட்டங்களில் ஒன்று சதுரம் என்று யாராவது சொன்னால் அந்த ஒன்றைத் தனியே எடுங்கள். அது சதுரமும் ஆகும், வட்டமும் ஆகும். அப்படியானால் சதுரங்களில் ஒன்று வட்டமாகிவிட்டது, முதலில் ஒப்புக்கொண்டது உடைந்தது. ஐ-யும் அப்படியே மாறும். ஏ-யை அளவு குறைத்து மாற்றலாம்: 'பால் எல்லாம் வெள்ளை', ஆகவே 'வெள்ளைப் பொருள்களில் சில பால்'. ஓ-வை மாற்ற வழியே இல்லை. தந்ததில் முழுதாக எடுக்கப்படாத எழுவாய், மறை எடுப்பின் பயனிலையாகப் போனவுடன் முழுதாகிவிடும். அளவைக் குறைக்கலாம் என்றால் ஓ ஏற்கெனவே குறை. அதற்குக் கீழே போக இடமில்லை.

கண்கட்டுக்கு வருவோம். 'சில பகா எண்கள் ஒற்றை எண்கள் அல்ல' என்பது உண்மை, 2 இருப்பதால். திருப்பினால் 'சில ஒற்றை எண்கள் பகா எண்கள் அல்ல'. இதுவும் உண்மை, 9 இருப்பதால். ஆனால் 2 இருப்பதற்கும் 9 இருப்பதற்கும் தொடர்பே இல்லை. இரண்டும் தனித்தனியே உண்மை. ஒன்றிலிருந்து மற்றது வரவில்லை. அதே அச்சில் 'சில நாற்கரங்கள் சதுரங்கள் அல்ல' என்பதை வைத்துத் திருப்புங்கள்: 'சில சதுரங்கள் நாற்கரங்கள் அல்ல' என்ற அப்பட்டமான பொய் கிடைக்கும். ஓர் அச்சு ஒரே ஒரு தடவை உண்மையைப் போட்டுப் பொய்யைத் தந்தாலும் அந்த அச்சு செல்லாது.

கேள்வி: 'எந்த விண்ணப்பதாரரும் பணக்காரர் அல்லர்' என்பதை மறுமாற்றம் செய்து 'எல்லா விண்ணப்பதாரரும் ஏழைகள்' என்று எழுதினேன். தவறு என்கிறார்கள். எதிர்வைப்பையும் சேர்த்து விளக்குங்கள்.

பதில்: மறுமாற்றத்தில் இரண்டு வேலை. விதியை மறையாக்கு, மறையை விதியாக்கு. கூடவே பயனிலைக்குப் பதிலாக அதன் மறுப்பை வை. அளவு மாறாது, எழுவாய் மாறாது. நான்கு எடுப்புகளுக்கும் இது செல்லும்.

நீங்கள் சறுக்கியது மறுப்பில். பணக்காரர் என்பதன் மறுப்பு 'பணக்காரர் அல்லாதவர்'. ஏழை என்பது எதிர்ச்சொல். இரண்டுக்கும் நடுவில் பணக்காரரும் அல்லாத, ஏழையும் அல்லாத பெருங்கூட்டம் இருக்கிறது. சூடு–குளிர், வெற்றி–தோல்வி, நல்லவர்–கெட்டவர் எல்லாம் இதே பொறி. பள்ளியில் படித்த எதிர்ச்சொல் பட்டியலை இங்கே மறந்துவிட்டு 'அல்லாத' என்ற சொல்லை மட்டும் நம்புங்கள். வாக்கியம் அழகாக இராது, சரியாக இருக்கும்.

எதிர்வைப்பு என்பது தனி விதி அல்ல. மறுமாற்றம், இடமாற்றம், மறுபடி மறுமாற்றம் என்ற மூன்று படிகளைத் தொடர்ந்து செய்தால் வருவது. ஏ-யில் செய்து பார்ப்போம்.

தந்தது: எல்லா உலோகங்களும் மின்கடத்திகள்.
மறுமாற்றம்: எந்த உலோகமும் மின்கடத்தி அல்லாதது அல்ல.
இடமாற்றம்: மின்கடத்தி அல்லாத எதுவும் உலோகம் அல்ல.
மறுமாற்றம்: மின்கடத்தி அல்லாதவை எல்லாம் உலோகம் அல்லாதவை.

நடுப்படி ஈ என்பதால் தங்குதடையின்றி மாறியது. இதையே ஐ-யில் தொடங்கினால் முதல் மறுமாற்றம் ஓ-வில் கொண்டுபோய் விடும்; ஓ-வை இடம் மாற்ற முடியாது, அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஆகவே ஐ-க்கு எதிர்வைப்பு இல்லை. ஓ-வில் தொடங்கினால் ஐ வழியாகப் போய் ஓ-வாகவே வெளியே வரும், செல்லும். ஈ-யில் தொடங்கினால் நடுவில் ஏ வருகிறது; அதை அளவு குறைத்துத்தான் மாற்ற முடியும்; முடிவில் கிடைப்பது ஓ. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட மூன்று படிகளை ஓரத்தில் எழுதிப் பார்ப்பது பாதுகாப்பு. அரை நிமிடம்தான் ஆகும்.

கேள்வி: 'எல்லா விண்ணப்பங்களும் முழுமையானவை' என்பது பொய் என்று காட்டிவிட்டேன். இனி 'எந்த விண்ணப்பமும் முழுமையானது அல்ல' என்று எழுதலாமா?

பதில்: கூடாது. முரண் சதுரத்தில் நீங்கள் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டீர்கள். நகர வேண்டியது மூலைவிட்டத்தில்.

சதுரத்தை இப்படி வரையுங்கள். மேல் இடது ஏ, மேல் வலது ஈ, கீழ் இடது ஐ, கீழ் வலது ஓ. மூலைவிட்டங்கள் இரண்டும் முரண்: ஏ–ஓ, ஈ–ஐ. ஒன்று உண்மையானால் மற்றது பொய், ஒன்று பொய்யானால் மற்றது உண்மை. மேல்விளிம்பு மறுதலை: ஏ-யும் ஈ-யும் சேர்ந்து உண்மையாக இரா, சேர்ந்து பொய்யாக இருக்கலாம். கீழ்விளிம்பு உபமறுதலை: ஐ-யும் ஓ-வும் சேர்ந்து பொய்யாக இரா, சேர்ந்து உண்மையாக இருக்கலாம். பக்க விளிம்புகளில் உண்மை மேலிருந்து கீழே இறங்கும், பொய் கீழிருந்து மேலே ஏறும்.

100 விண்ணப்பங்கள் என்று வையுங்கள். ஒன்றே ஒன்று அரைகுறையாக இருந்தால் ஏ பொய். அதிலிருந்து உறுதியாகக் கிடைப்பது ஓ மட்டும்: 'சில விண்ணப்பங்கள் முழுமையானவை அல்ல'. மீதி 99 எப்படி இருந்தாலும் உங்கள் நிறுவலுக்குக் கவலையில்லை. அதனால்தான் ஈ-யைப் பற்றியோ ஐ-யைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லவில்லை. 'எல்லாம்' என்பவரை மறுக்க ஒரு விண்ணப்பம் போதும். 'சில' என்பவரை மறுக்க நூறையும் புரட்ட வேண்டும்.

இதிலிருந்து ஒரு கைக்கணக்கு. நிறை எடுப்பு உண்மை என்று தெரிந்தாலும், குறை எடுப்பு பொய் என்று தெரிந்தாலும் மற்ற மூன்றும் தெரிந்துவிடும். நிறை பொய் என்றோ குறை உண்மை என்றோ மட்டும் தெரிந்தால் மூலைவிட்டத்தில் உள்ள ஒன்றுதான் தெரியும். மற்ற இரண்டுக்கும் 'தீர்மானிக்க இயலாது' என்று எழுதுங்கள். 'சில தாள்கள் திருத்தப்பட்டவை' உண்மை என்றவுடன் 'சில தாள்கள் திருத்தப்பட்டவை அல்ல' என்பதும் உண்மை என்று குறிப்பவர்கள் ஏராளம். முதற் பதிலில் சொன்ன அந்தக் காதின் வேலைதான் அது.

கேள்வி: 'மட்டும்', 'தவிர' வரும் வாக்கியங்களை எந்த வகையில் சேர்ப்பது?

பதில்: 'மட்டும்' ஒட்டிய சொல் பயனிலைக்குப் போகும். 'உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்கத் தகுதியுடையோர்' என்பதை 'வாக்களிக்கத் தகுதியுடையோர் எல்லாரும் உறுப்பினர்கள்' என்று எழுதுங்கள். 'உறுப்பினர்கள் எல்லாரும் தகுதியுடையோர்' என்று எழுதிவிடாதீர்கள்; சந்தா கட்டாத உறுப்பினருக்கு வாக்கு உண்டா என்பதைப் பற்றி அந்த வாக்கியம் வாய் திறக்கவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்ற அதே தவறு வேறு வேடத்தில் வருகிறது.

'தவிர' ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு எடுப்புகளை மறைத்து வைத்திருக்கும். '25 டிகிரி செல்சியஸில் பாதரசம் தவிர எல்லா உலோகங்களும் திண்மங்கள்' என்றால், பாதரசம் அல்லாத உலோகங்கள் எல்லாம் திண்மங்கள் என்பது ஒன்று. பாதரசம் திண்மம் அல்ல என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்து எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: 'எல்லா' எடுப்பிலிருந்து 'சில' எடுப்புக்கு இறங்குவதைப் புதிய அளவையியல் ஏற்பதில்லை என்று படித்தேன். அரிஸ்டாட்டில் தவறிவிட்டாரா?

பதில்: தவறவில்லை. எழுவாய் குறிக்கும் பொருள் ஒன்றாவது இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பார்த்தால் அவருடைய முறையில் ஓட்டையில்லை. எழுவாய் காலியாக இருந்தால்தான் சிக்கல்.

தேர்வறைக் கதவில் 'காப்பி அடிப்பவர்கள் எல்லாரும் வெளியேற்றப்படுவர்' என்று ஒட்டியிருக்கிறது. அன்று யாரும் காப்பி அடிக்கவில்லை. அறிவிப்பு பொய்யாகிவிட்டதா? இல்லை. ஆனால் அதிலிருந்து இறங்கி 'காப்பி அடித்தவர்களில் சிலர் வெளியேற்றப்பட்டனர்' என்றால் அது பொய், ஆளே இல்லையே. ஜார்ஜ் பூல் 1847-இல் வெளியிட்ட நூலில் தொடங்கிய குறியீட்டு முறையும், ஜான் வென் 1880-இல் முன்வைத்த வட்டப் படங்களும் நிறை எடுப்பை 'இந்தப் பகுதி காலி' என்று மட்டுமே படிக்கின்றன. 'எல்லாச் சதுரங்களும் நாற்கரங்கள்' என்றால் நாற்கரத்துக்கு வெளியே இருக்கும் சதுரப் பகுதிக்கு நிழலிடுவோம். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பதைப் பற்றிப் பேச்சில்லை. குறை எடுப்புக்கு மட்டும் பகுதியில் ஒரு குறி இடுவோம்: 'இங்கே குறைந்தது ஒன்று உண்டு'.

இப்படிப் படித்தால் சதுரத்தில் மூலைவிட்டங்கள் மட்டும் மிஞ்சும். மறுதலை, உபமறுதலை, மேலிருந்து கீழ் இறங்குவது எல்லாம் போய்விடும். ஈ, ஐ இடமாற்றம் நிற்கும். ஏ-யின் அளவு குறைத்த இடமாற்றம் நிற்காது. மறுமாற்றம் நான்குக்கும் நிற்கும். எதிர்வைப்பு ஏ, ஓ இரண்டுக்கு நிற்கும். முக்கூற்று அனுமானத்தில், அதாவது இரண்டு எடுப்புகளைச் சேர்த்து மூன்றாவதைப் பெறுவதில், மரபு செல்லும் என்று ஏற்ற 24 வடிவங்களில் 9 விழுந்து 15 மிஞ்சும்.

காலிப் பதம் வந்தால் மரபு முறை எங்கே இடறுகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க ஒரு பழைய புதிர் உதவும். மேலே செய்த எதிர்வைப்பின் முடிவை இன்னொரு முறை இடம் மாற்றி, மறுமாற்றமும் செய்தால் எழுவாயின் மறுப்பைப் பற்றி ஓர் எடுப்பு கிடைக்கும். 'எல்லாச் சதுரங்களும் தமக்குத் தாமே சமமானவை' என்பதை உள்ளே போடுங்கள். எதிர்வைப்பு வரை வந்தால் 'தமக்குத் தாமே சமம் அல்லாதவை எல்லாம் சதுரம் அல்லாதவை'. அடுத்து, அளவு குறைத்து இடமாற்றம்: 'சதுரம் அல்லாதவற்றில் சில, தமக்குத் தாமே சமம் அல்லாதவை'. கடைசி மறுமாற்றம்: 'சதுரம் அல்லாதவற்றில் சில, தமக்குத் தாமே சமமானவை அல்ல'. உண்மையில் தொடங்கி அபத்தத்தில் வந்து நின்றோம். ஒவ்வொரு படியும் பாடநூல் விதிப்படிதான் போனது. இடறியது அளவு குறைத்த இடமாற்றத்தில்: தனக்குத் தானே சமம் அல்லாத பொருள் ஒன்று இருக்கிறது என்று அந்தப் படி சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு பொருள் கிடையாது. ஆகவே மரபு முறையில் எழுவாய் மட்டுமல்ல, பயனிலையும், இரண்டின் மறுப்புகளும் காலியாக இருக்கக்கூடாது என்பதையும் நிபந்தனையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்வில் எதைப் பின்பற்றுவது? பாடத்திட்டம் சதுரத்தின் எல்லா உறவுகளையும் கற்பித்தால் மரபு வழியே எழுதுங்கள். வென் படம் கொண்டு சரிபார்க்கச் சொன்னால், வினாவில் 'குறைந்தது ஒன்று உண்டு' என்ற குறிப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

கேள்வி: 'சாக்ரட்டீஸ் மனிதர்' என்பது நிறையா, குறையா? 'பெரும்பாலான' என்று வந்தால்?

பதில்: தனி ஒருவரைப் பற்றிய எடுப்பை மரபு நிறையாகவே கொள்கிறது; அந்த ஒருவரில் மிச்சம் வைக்க ஒன்றுமில்லை. ஆகவே ஏ. 'பெரும்பாலான' என்பதை நான்கு அச்சுகளும் தாங்கா. 'சில' என்று குறைத்து எழுதலாம். செல்லும், ஆனால் செய்தியில் பாதி உதிர்ந்துபோகும்.

கேள்வி: வைரங்கள் எல்லாம் கரிமத்தால் ஆனவை. இது மட்டும் தந்த செய்தி. கீழ்வரும் ஐந்தில் எவை பெறப்படும்? ஒன்று: கரிமத்தால் ஆனவற்றில் சில வைரங்கள். இரண்டு: கரிமத்தால் ஆகாத எதுவும் வைரம் அல்ல. மூன்று: வைரம் அல்லாதவை எல்லாம் கரிமத்தால் ஆகாதவை. நான்கு: சில வைரங்கள் கரிமத்தால் ஆனவை அல்ல. ஐந்து: கரிமத்தால் ஆனவற்றில் சில வைரங்கள் அல்ல. நான் ஒன்று, இரண்டு, ஐந்து என்றேன்.

பதில்: ஒன்று, இரண்டு சரி. ஐந்து தவறு, அதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒன்று, ஏ-யின் அளவு குறைத்த இடமாற்றம். வைரம் இருக்கிறது என்பதால் மரபு வழியில் தடையில்லை. இரண்டு, மறுமாற்றம் செய்து இடம் மாற்றியது. மூன்றில் பதங்களை மறுத்தார்கள், இடம் மாற்ற மறந்துவிட்டார்கள். பென்சில் முனையில் உள்ள கிராஃபைட் கரிமம்தான், வைரம் அல்ல. நான்கு, தந்ததற்கு நேர் முரண், பொய்.

ஐந்தாவது உண்மை என்பதில் ஐயமில்லை. அதே கிராஃபைட் சாட்சி. ஆனால் கிராஃபைட்டைப் பற்றித் தந்த செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. அதை நீங்கள் வேதியியல் வகுப்பிலிருந்து கொண்டுவந்தீர்கள். பதங்களை அப்படியே மாற்றி 'சமபக்க முக்கோணங்கள் எல்லாம் சமகோண முக்கோணங்கள்' என்று வையுங்கள். ஐந்தாவதன் அச்சில் 'சமகோண முக்கோணங்களில் சில சமபக்க முக்கோணங்கள் அல்ல' என்று வரும். தள வடிவியலில் இது பொய், ஏனென்றால் இரண்டும் ஒரே கூட்டம். தந்ததும் உண்மை, அச்சும் அதே, கிடைத்தது பொய். ஆகவே ஐந்துக்கு எதிரே எழுத வேண்டியது 'தீர்மானிக்க இயலாது'.